கோயம்புத்தூர் பதிப்பு

டிக்கெட் மிசினைத் திட்டாதீங்க. பாவம், கண்டக்டர் என்ன பண்ணுவாரு, புதுசாக் குடுத்திருக்காங்க, கை பழகறதுக்கு நாள் ஆகுமுங்க. புதுசு வந்தா நாமதான் கொஞ்சம் வளைஞ்சு குடுக்கணும். நான் அப்படித்தானுங்க. மோட்டார் கம்பெனில குவாலிட்டி செக்கிங்ல இருக்கறேன், இருபது வருசமா. எத்தனையோ மிசின் மாத்தினாங்க, ஒரு வார்த்தை பேசினதில்லை. மாத்தம்னா எனக்கு ஒண்ணுமே இல்லை. ஒரே ஒரு விசயத்துல மட்டும் கொஞ்சம் பேசிட்டேன். அதுவும் அவங்க பண்ணினது அநியாயம்ங்கறதுனால. எட்டு மாசமா பேசிட்டு இருக்கறேன்.

கோயம்புத்தூர் வரைக்குமா போறீங்க? நல்லதாப் போச்சு. நான் உடுமலையில ஏறினது. பொள்ளாச்சி வர்ற வரைக்கும் பக்கத்து சீட்ல ஒருத்தர் தூங்கிட்டே வந்தாரு, பேச ஆளில்லை.

பிராம்பிள்கேட்னு ஒரு வெளையாட்டுங்க. நீங்க கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. தமிழ்நாட்டுல மொத்தமே பதினோரு பேர்தான் ஆடறோம். ஆடறதுன்னா ஓடறது குதிக்கறது இல்லீங்க, மேசையச் சுத்தி உக்காந்து பேசறதுதான். ஒருத்தர் கதையை நடத்துவாரு, அது நானு. மத்தவங்க கதைக்குள்ள ஆளுக்கொரு ஆளா இருப்பாங்க. ‘உன் முன்னாடி பாலம் இடிஞ்சு கெடக்குது, என்ன பண்றே?’ம்பேன். ‘தாண்டறேன்’ம்பான். தாண்டினானா, விழுந்தானாங்கறதைப் பகடை சொல்லும். சாதாப் பகடை இல்லீங்க, இருபது மொகம் இருக்கும். அவ்வளவுதான் வெளையாட்டு. நாப்பத்திரெண்டு வயசுல இது தேவையான்னு உங்க மூஞ்சில தெரியுது. என் சம்சாரம் மூஞ்சில பதினஞ்சு வருசமாத் தெரியுது.

காலேஜ் மூணாம் வருசத்துல ஆரம்பிச்சதுங்க. எங்க சீனியர் ஒருத்தரு அமெரிக்காவுல படிக்கப் போனவரு, லீவுக்கு வந்தப்ப அந்தப் புஸ்தகத்தைக் கொண்டாந்தாரு. முதல் பதிப்பு. எழுதினவரு வால்டர் ஹின்ஷான்னு ஒரு பெரிய மனுசன். நான் வால்டர் ஐயான்னுதான் சொல்லுவேன். ஒரே ஒரு நாள்தான் குடுப்பேன், சாயங்காலம் பிளைட்டுன்னுட்டாரு சீனியர். ஜெராக்ஸ் எடுக்கற வேலையை எங்க கிளாஸ் ரெபேக்காகிட்டக் குடுத்தேன். ஒரு பக்கம் விட்டுப்போனாக்கூட உன்னை ஆட்டத்துல சேத்த மாட்டேன்னு சொல்லித்தான் அனுப்பினேன். கோவத்துல இல்லீங்க, ஒரு பொறுப்பு வரட்டுமேன்னுதான். அவளும் ரெண்டு நாள் கழிச்சு ஸ்பைரல் போட்டுக் கொண்டாந்து குடுத்தா. இருநூத்திப் பன்னெண்டு பக்கம். எண்ணிப் பாத்தேன், ஒண்ணு கூட விட்டுப்போகலை.

அன்னையிலிருந்து இருபத்திரெண்டு வருசம். நான், ரெபேக்கா, ஜவுளிக்கடையில இருக்கற நிஜாம், அப்பறம் கனகராஜ். கனகராஜைப் பத்திச் சொல்ல ஒண்ணுமில்லை, அவன் வடைக்கு வர்றவன். ஒண்ணு விட்டு ஒரு ஞாயித்துக்கெழம எங்க வீட்டு மாடில ஆட்டம். கல்யாணம் ஆச்சு, கொழந்தை ஆச்சு, ரெபேக்கா உடுமலையில கணக்கு டீச்சராப் போனா, ஆட்டம் மட்டும் நிக்கலை. கூடப் படிச்சவங்கள்ல வேற யாரு இப்படி இருக்கறாங்க சொல்லுங்க? எல்லாம் வாட்ஸப்புல பூங்கொத்துப் படம் அனுப்பறதோட சரி.

இதுக்கெல்லாம் காரணம் அந்தப் புஸ்தகம்தானுங்க. அதுலயும் அறுபத்தொண்ணுலிருந்து எம்பத்திநாலு வரைக்கும் இருக்கற இருபத்திநாலு பக்கம். மத்த பக்கமெல்லாம் கத்தி, ஈட்டி, மந்திரம், அது எல்லா வெளையாட்டுலயும் இருக்கறதுதான். இந்த இருபத்திநாலு பக்கத்துல மனுசங்க எப்படிக் கூடி ஆடணும்னு எழுதியிருப்பாரு வால்டர் ஐயா. உதாரணத்துக்கு ஒண்ணு சொல்றேன். கதைக்குள்ள புதுசா ரெண்டு பேரு சந்திச்சா, மூணு கேள்விக்குள்ள ரெண்டு பேருக்கும் தெரிஞ்ச ஒரு ஆளைக் கண்டுபிடிக்கணும். கண்டுபிடிச்சுட்டா ரெண்டு பேருக்கும் நம்பிக்கைப் புள்ளி ஏறும். எவ்வளவு அழகு பாருங்க.

ஆமா, நீங்க பொள்ளாச்சியேதானா? ஆனைமலையா? ஆனைமலையில கயித்து மில்லு வெச்சிருந்த கருப்பண்ணன், அவரு மருமகன் எங்க கம்பெனில ஸ்டோர்ஸ்ல இருக்கறாரு. தெரியுமுங்களா? பாத்தீங்களா, மூணாவது கேள்வில புடிச்சுட்டேன். அமெரிக்காவுலயும் மனுசங்க இப்படித்தான் பேசிக்குவாங்க போலன்னு நான் நெம்ப ஆச்சரியப்பட்டிருக்கறேன்.

இன்னொண்ணு, ஆட்டத்துக்கு வர்றவங்ககிட்ட மொதல்ல சாப்டாச்சான்னு கேக்கணும், பதில் வந்ததுக்கப்பறம்தான் பகடையைத் தொடணும். செத்துப்போன ஆளோட ஆட்டக்காரருக்கும் பலகாரத்துல சமபங்கு உண்டு. இதெல்லாம் ரூலு, அச்சடிச்ச ரூலு. எல்லாத்துலயும் மேல எழுபத்தொண்ணாம் பக்கம். எனக்கு மனப்பாடம். ஒருத்தரோட பாத்திரம் கதையில செத்துப்போச்சுன்னா, ஏழு நாளுக்குள்ள நடத்தறவரு அந்த ஆட்டக்காரரோட வீட்டுக்கு நேர்ல போகணும். வாசல்ல நின்னுட்டுப் பேசக் கூடாது, உள்ள போயி உக்காரணும். குடுக்கறதைச் சாப்பிடணும். சாப்பிட்டதுக்கப்பறம்தான் அடுத்த ஆட்டத்துக்கு வாங்கன்னு கூப்பிடணும். போன்ல கூப்பிட்டாச் செல்லாது, ஆள் விட்டுச் சொல்லிவிட்டாலும் செல்லாது.

நான் முப்பத்தியொரு தடவை போயிருக்கறேன். நிஜாமுக்கு இருபத்திரெண்டு, கனகராஜுக்கு ஒம்போது. நிஜாம் கொஞ்சம் அவசரக்காரன், அடிக்கடி செத்துப்போவான். ஒரு தடவை அப்படிச் செத்த வாரம், ரூலு இருக்குதேன்னு வேண்டாவெறுப்பாப் போனேன். போய்ப் பாத்தா மனுசன் பாயில சுருண்டு கெடக்கறான். கடையை விட்டு நிறுத்தி ஒரு மாசம் ஆகியிருக்குது, யாருகிட்டயும் சொல்லலை. தெனமும் காலைல டிபன் பாக்ஸைத் தூக்கிட்டுப் போயி பார்க்குல உக்காந்துட்டு வந்திருக்கறான். வீட்டுல தெரிஞ்சு ஒரே அழுகை. நான் உள்ள போயி உக்காந்தேன், குடுத்ததைச் சாப்பிட்டேன், எங்க மொதலாளிகிட்டப் பேசி ஆறு மாசத்துக்கு ஒரு வேலைக்கு ஏற்பாடு பண்ணினேன், அப்பறம் வேற ஜவுளிக்கடையில சேந்துட்டான். ரூலு இல்லைன்னா நான் போயிருக்கவே மாட்டேனுங்க. எனக்கு அந்தப் பக்கம் போறதுன்னாலே சலிப்பு, அவ்வளவு டிராபிக்.

இப்படி இருக்கறப்பத்தான் நாலாம் பதிப்பு வருதுன்னு அறிவிப்பு வந்துது.

நீங்க தேர்தல் சண்டை பாத்திருப்பீங்க, சொத்துச் சண்டை பாத்திருப்பீங்க. பழைய வெளையாட்டுக்குப் புதுப் புஸ்தகம் போட்டா வர்ற சண்டையைப் பாத்திருக்க மாட்டீங்க. அட்டைப்படம் வந்த அன்னிக்கே ஒலகம் பூராவும் அக்கப்போரு. கதையில வர்ற குள்ளருங்களோட தாடியை ரெண்டு அங்குலம் கொறைச்சுட்டாங்கன்னு ஒருத்தன் நாப்பது பக்கம் எழுதினான். அதுக்கு மறுப்பு ஒருத்தன் அறுபது பக்கம். சுவீடன்ல ஒருத்தன் தன் தலைமுடியைப் பூரா எடுத்துட்டு போட்டோ போட்டான், என்ன சம்பந்தம்னு இதுவரைக்கும் தெரியலை. ரெண்டாம் பதிப்பு வந்தப்ப திட்டினவங்கெல்லாம் இப்ப ரெண்டாம் பதிப்புதான் பொற்காலம்ங்கறாங்க. மூணாம் பதிப்பை ஏன் திட்டினோம்னு யாருக்கும் ஞாபகம் இல்லை, ஆனாலும் திட்டறாங்க. நம்ம தமிழ்நாட்டுல பதினோரு பேருக்கு ரெண்டு வாட்ஸப் குரூப் ஆச்சு. ‘மூலநூல் காப்போர்’ல ஆறு பேரு, நான்தான் அட்மின். எதிர் குரூப்புல ஆறு பேரு. கணக்கு இடிக்குதுன்னு பாக்கறீங்களா? நிஜாம் ரெண்டுலயும் இருந்தான்.

நான் சும்மா திட்டலை, பதினாலு பக்கத்துல ஆட்சேபம் எழுதினேன். புதுப் புஸ்தகத்தைப் படிச்சியாடான்னு நிஜாம் கேட்டான். எதுக்குப் படிக்கணும்? தயிரு கெட்டுப்போச்சுன்னா மோந்தாலே தெரியுமில்லீங்க. எனக்கு முக்கியமான ஆட்சேபம் பகடையில. முதல் பதிப்புல வெள்ளம், இடி, மண்சரிவு இந்த மாதிரி ஆபத்துக்கெல்லாம் நடத்தறவருதான் ஒரு அட்டை மறைப்புக்குப் பின்னாடி பகடையை உருட்டணும். என்ன விழுந்துதுன்னு அவரு வாயால சொல்லுவாரு, அதுதான் முடிவு. நாலாம் பதிப்புல எல்லாப் பகடையும் எல்லாரும் பாக்க நடு மேசையிலதான் உருட்டணுமாம். எனக்கு ரத்தம் கொதிச்சுப் போச்சுங்க. நடத்தறவன் என்ன களவாணியா? இருபத்திரெண்டு வருசமா ஒருத்தன் நேர்மையா நடத்திட்டு வர்றான், அவன் மேல நம்பிக்கை இல்லைன்னுதானே அர்த்தம்?

அந்த ஞாயித்துக்கெழம ரெபேக்கா கைல அந்தப் புதுப் புஸ்தகத்தோட வந்தா. வந்ததும் மேசை மேல வெச்சா. நல்லாத்தான் இருக்குது, இதையும் ஒரு தடவை ஆடிப் பாக்கலாமேன்னா. சண்டைக்கு வந்த மாதிரி எல்லாம் சொல்லலை, வடையைப் பிச்சுக்கிட்டே சொன்னா. நிஜாம் பாக்கலாமேன்னான். கனகராஜ் தலையாட்டினான். அவன் எதுக்கு வேணும்னாலும் தலையாட்டுவான். ஆனா எனக்கு, என் வீட்டு மாடில, என் மேசையில, மூணு பேரும் ஒண்ணாச் சேந்துட்ட மாதிரி இருந்துது. நான் ஒண்ணும் கத்தலீங்க. பக்கத்து வீட்டுக்காரரு எட்டிப் பாத்தாருன்னு சம்சாரம் சொல்றா, அவரு எப்பவும் எட்டிப் பாக்கற ஆளுதான். வால்டர் ஐயா எழுதினதுல ஒரு எழுத்தை மாத்தறதுக்கும் எவளுக்கும் யோக்கியதை இல்லைன்னு சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன்.

அவ ஒரு மாதிரியாச் சிரிச்சுட்டு, சரி, பழசே ஆடுவோம்னு புஸ்தகத்தைப் பைக்குள்ள வெச்சுட்டா.

ரெபேக்காவோட பாத்திரம் பேரு நீலவேணி. ஓடக்காரி. அமெரிக்கக் கதையில தமிழ்ப் பேரு எதுக்குன்னு அப்பவே கேட்டேன், ஓடக்காரிக்கு எந்தப் பேரு இருந்தா என்ன, ஓடம் ஓடினாச் சரின்னுட்டா. அந்த நீலவேணி இருபத்திரெண்டு வருசத்துல ஒரு தடவை கூடச் சாகலை. அவ்வளவு நிதானம். மத்த எல்லாரையும் கரை சேத்துவிட்டுட்டு, கடைசியாத்தான் அவ ஏறுவா. அன்னிக்கு ஆத்துல வெள்ளம். ஓடக்காரிங்கறதுனால அவளுக்கு எட்டு விழுந்தாலே போதும். நான் மறைப்புக்குப் பின்னாடி உருட்டினேன். ஆறு. நீலவேணி போயிட்டா. நான் என்னங்க பண்ண முடியும், பகடை அப்படி விழுந்துச்சு.

நிஜாம் மட்டும் இன்னொரு தடவை உருட்டலாமான்னான். ரூலு இல்லைன்னுட்டேன். ரெபேக்கா எந்திரிச்சு டம்ளரைக் கழுவி வெச்சுட்டு, பையை எடுத்துக்கிட்டா. படியெறங்கறப்ப, ‘ஏழு நாள் இருக்குதில்ல’ன்னு மட்டும் சொன்னா.

நான் போகலை. எதுக்குப் போகணும்ங்கறேன். புதுப் பதிப்பு நல்லா இருக்குதுன்னு சொன்னவளுக்கு பழைய பதிப்போட மரியாதை மட்டும் வேணுமா? ஏழு நாள் ஆச்சு, ஒரு மாசம் ஆச்சு, எட்டு மாசம் ஆச்சு. கனகராஜ் வர்றதை நிறுத்திட்டான், வடை இருக்குதுன்னு சொல்லியும் வரலை. நிஜாம் வருவான், டீ குடிப்பான், ஜன்னலைப் பாப்பான், போயிருவான். ஞாயித்துக்கெழம எவ்வளவு நீளம்னு எனக்கு அப்பத்தான் தெரிஞ்சுது. சம்சாரம் பரண் மேல இருக்கற பாத்திரமெல்லாம் எறக்கிக் குடுக்கச் சொன்னா. எறக்கிக் குடுத்தேன். மறுபடி ஏத்தச் சொன்னா.

அந்த எரிச்சல்லதான் போன மாசம் நெட்டுல, ஒலகம் பூரா பிராம்பிள்கேட் ஆடறவங்க பேசிக்கற எடத்துல, ஒரு கேள்வி போட்டேன். நாலாம் பதிப்புக்காரங்களே, எழுபத்தொண்ணாம் பக்கத்து ரூலை எந்தத் தைரியத்துல எடுத்தீங்க, வீட்டுக்குப் போயி அழைக்காத ஆட்டம் ஒரு ஆட்டமான்னு. ஒருத்தன் என்ன ரூலுன்னான். இன்னொருத்தன் எந்தப் பதிப்புன்னான். முதல் பதிப்பு படிக்காதவனெல்லாம் பேச வந்துட்டான்னு போட்டு விளாசினேன். நாப்பது வருசமா ஆடற கெழவனுங்க எல்லாம் வந்து அப்படி ஒரு ரூலே கெடையாதுங்கறாங்க. அவங்களையும் விளாசினேன். கடைசில ஆதாரத்தோட மூஞ்சில அடிக்கணும்னு இருபத்திநாலு பக்கத்தையும் போட்டோ புடிச்சுப் போட்டேன்.

ரெண்டு நாள் சத்தமில்லை. ஜெயிச்சுட்டேன்னு நெனச்சேன். மூணாம் நாள் நார்வேயில லைப்ரரில வேலை பாக்கற ஒருத்தரு, நெம்ப மரியாதையா, ஒரிஜினல் புஸ்தகத்தோட அறுபத்தொண்ணுலிருந்து எம்பத்திநாலு வரைக்கும் போட்டோ புடிச்சுப் போட்டாரு. விலைப்பட்டியலுங்க. கயிறு, குதிரை, வெளக்கெண்ணெய், குதிரைக்குக் கொள்ளு. இருபத்திநாலு பக்கமும் அதேதான். கீழ அவரு எழுதியிருந்தாரு, உங்க பக்கங்களெல்லாம் டைப்ரைட்டர்ல அடிச்சது, இங்கிலீஷ் ‘ஈ’ எழுத்து மட்டும் ஒவ்வொரு வரியிலயும் மத்த எழுத்தை விடக் கொஞ்சம் எகிறி நிக்குது பாருங்கன்னு.

பாத்தேன். எகிறித்தான் நின்னுது. நான் குவாலிட்டி செக்கிங்ல இருக்கறவனுங்க. போல்ட்டுல அரை நூல் தேஞ்சிருந்தாத் திருப்பி அனுப்பறவன். இருபத்திரெண்டு வருசம் தெனமும் பாத்த பக்கம்.

அந்த எகிற ‘ஈ’ எனக்கு நல்லாத் தெரிஞ்ச ‘ஈ’. ரெபேக்காவோட அப்பா உக்கடத்துல டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் வெச்சிருந்தாரு. நான் அங்கதான் லோயர் படிச்சேன், மூணாம் நம்பர் மிசின்ல. அந்த மிசின்ல ‘ஈ’ எகிறும். அதனாலதான் நான் லோயர்ல பெயிலானேன்னு இன்னைக்கும் சொல்றேன்.

நேரா நிஜாம் கடைக்குப் போனேன். உனக்குத் தெரியுமாடான்னேன். அவன் துணியை மடிச்சுக்கிட்டே, மொதல்லிருந்தே தெரியும், கனகராஜுக்கும் தெரியும்னான். ஜெராக்ஸ் எடுத்துட்டு இருக்கறப்ப பாதில கரண்ட்டு போயிருச்சாம். சீனியரு பிளைட்டுக்கு நேரமாச்சுன்னு கடைக்கே வந்து புஸ்தகத்தைப் புடுங்கிட்டுப் போயிட்டாராம். கடைக்காரன் பின்பாதியை மொதல்ல எடுத்துட்டு, அப்பறம் மொத பக்கத்திலிருந்து எடுத்துட்டு வந்ததுல, நடுவுல இருபத்திநாலு பக்கம் இல்லை. சொன்னா நான் ஆட்டத்துல சேத்த மாட்டேன்னு பயந்துட்டு, ஞாயித்துக்கெழம இன்ஸ்டிட்யூட் லீவுங்கறதுனால, காலைலிருந்து பொழுதோட வரைக்கும் உக்காந்து அவளே யோசிச்சு அடிச்சிருக்கறா. பத்தொம்போது வயசுப் புள்ள. ஏண்டா எங்கிட்ட ஒருத்தனும் சொல்லலை, நான் என்ன கோவிச்சுக்கற ஆளான்னு கேட்டேன். கடையில இருந்த கஸ்டமரெல்லாம் திரும்பிப் பாத்தாங்க.

நிஜாம் மடிக்கறதை நிறுத்தினான். ‘எங்க வீட்டுக்கு இருபத்திரெண்டு தடவை வந்திருக்கே. அதை எழுதினவ வீட்டுக்கு எத்தனை தடவை போனே?’

இல்லீங்க, அவ சாகவே இல்லையே. ரூல்படி போக வேண்டிய அவசியமே வரலை. அதைத்தான் அவன்கிட்டச் சொன்னேன். சொல்லிட்டு வண்டியை எடுத்துட்டு வந்தேன், கம்பெனிக்குப் போகாம நேரா வீட்டுக்கு வந்துட்டேன். உடம்பு சரியில்லையான்னு சம்சாரம் தொட்டுப் பாத்தா.

இதுக்கு நடுவுல நெட்டுல இன்னொரு கூத்து. அந்த இருபத்திநாலு பக்கத்தை எல்லாரும் படிச்சிருக்காங்க. பிரேசில்ல ஒரு கோஷ்டி ஆடிப் பாத்து, செத்துப்போன ஒருத்தனைக் கூப்பிட ஆறு மணி நேரம் பஸ்ல போயிருக்கறானுங்க. அவன் அம்மா அழுதுட்டாங்களாம். அதைப் படிச்சுட்டு வேற நாட்டுல எல்லாம் ஆரம்பிச்சுட்டாங்க. அதுக்கு ‘கோயம்புத்தூர் பதிப்பு’ன்னு பேரு வெச்சு, இதுதான் ஒசத்தின்னு ஒரு கூட்டம், இது கலப்படம்னு ஒரு கூட்டம், மறுபடியும் சண்டை. ஒருத்தன் கோயம்புத்தூர் பதிப்போட ஒரிஜினல் தூய்மையைக் காப்பாத்தணும்னு எழுதியிருக்கறான். அவனைப் பாத்தா எனக்கே பயமா இருக்குது. எழுதினவங்க பேரு சொல்லுங்க, பேரு போட்டு அச்சடிக்கறோம்னு தெனமும் கேக்கறாங்க. அதனாலதான் இன்னிக்குப் போனேனுங்க. பேரு போட அனுமதி கேக்கறதுக்கு. வேற ஒண்ணுமில்லை.

காலைல பஸ் ஏறினேன். ரெண்டே கால் மணி நேரம். பஸ் ஸ்டாண்டுல எறங்கி மறுபடி ஒரு டவுன் பஸ்ஸு, அப்பறம் நடை. ஒண்ணு விட்டு ஒரு ஞாயித்துக்கெழம அந்தப் புள்ள இவ்வளவு தூரம் வந்திருக்குது. ஒரு நாள் பத்து நிமிசம் லேட்டா வந்ததுக்கு நான் கடிகாரத்தைக் காட்டினது ஞாபகம் வந்துது. சர்ச் முடிஞ்சு வந்து சோறு வடிச்சிட்டு இருந்தா. கதவைத் தெறந்து என்னைப் பாத்துட்டு வழி விட்டா. நானும் வாசல்ல நின்னு பேசலை, உள்ள போயி உக்காந்தேன். கோழிக் கொழம்பு. குடுத்ததைச் சாப்பிட்டேன். வீட்டுக்காரரும் மகளும் மாமியார் வீட்டுக்குப் போயிட்டாங்க போல, வீடு சத்தமில்லாம இருந்துது. நான் வர்ற வழியில ஒரு தடவை சொல்லிப் பாத்ததெல்லாம் மறந்து போச்சுங்க. கை கழுவிட்டு வந்து உக்காந்ததும் வேற ஒண்ணுதான் வாயில வந்துது.

‘அன்னிக்கு விழுந்தது பதினேழு’ன்னேன்.

உங்ககிட்டக் கூட ஆறுன்னுதான் சொன்னேன், தப்பா நெனச்சுக்காதீங்க. சொல்லிச் சொல்லி எனக்கே அது ஆறாயிருச்சு.

‘தெரியும்’னா. ‘பகடையைப் பாத்ததும் மறைப்பு பத்தாதுன்னு கையை வேற வெச்சு மூடினே. ஆறு விழுந்தா எதுக்கு மூடறே?’

நெம்ப வெக்கமா இருந்துதுங்க, இந்த வயசுல. எல்லாரையும் கரை சேத்தினவளைத் தண்ணில தள்ளிட்டு, எட்டு மாசம் எட்டிக்கூடப் பாக்கலை நானு. அவளே எழுதின ரூலு, ஊருக்கெல்லாம் பலிச்சுது, அவளுக்கு மட்டும் ஒரு தடவை கூட வரலை. அவ ஒண்ணும் கோவமாப் பேசலை. நீலவேணி போனதுகூடப் பரவாயில்லை தண்டபாணி, இப்பவாச்சும் வீட்டுக்கு வருவேன்னு நெனச்சேன்னா. ஏழு நாளும் பலகாரம் பண்ணி வெச்சிருந்தாளாம். எட்டாம் நாள் ஸ்கூல்ல கொண்டு போயி டீச்சருங்களுக்குக் குடுத்துட்டாளாம்.

நான் பிரேசில் கதையைச் சொன்னேன், அச்சடிக்கற வெவரம் சொன்னேன். சிரிச்சா. பேரு போட்டுக்கட்டும், இனிஷியல் விட்டுப்போகாமப் பாத்துக்கன்னா. அப்பறம், அடுத்த ஆட்டத்துக்கு வான்னு கூப்பிட்டேன். முறைப்படிதான் கூப்பிட்டேன். அதுக்கு அவ, வர்றேன், ஆனா நான் நடத்தறேன், நீ ஆடுன்னுட்டா. ஆட்டம் உடுமலையில. நாலாம் பதிப்பு. பகடை நடு மேசையில. சரிங்கறதைத் தவிர நான் என்ன சொல்ல முடியும், வயிறு நெறையக் கோழிக் கொழம்பைத் தின்னுட்டு?

இதா, புஸ்தகத்தையும் குடுத்து விட்டிருக்கறா, கதைக்குள்ள ஆடறதுக்கு ஒரு ஆளைத் தயார் பண்ணிட்டு வான்னு. உடுமலையிலிருந்து பொரட்டிட்டே வர்றேன். காயிதம் மட்டம், படமெல்லாம் ஒரே ஆரஞ்சு. படகுக்காரங்களைப் பத்தி ஒரு பகுதி போட்டிருக்கறான், அது பரவாயில்லை. நல்லாவே இருக்குதுன்னு வெச்சுக்கங்களேன். குரூப்புல மட்டும் சொல்லிராதீங்க.

ஒண்ணு சொல்லட்டுங்களா? இருபத்திரெண்டு வருசமா ராஜா, திருடன், பேயி, வெள்ளம் எல்லாமா நான் இருந்திருக்கறேன். எனக்குன்னு ஒரு ஆளு இருந்ததே இல்லீங்க. ஆளு இருந்தாத்தானே சாகறதுக்கு. அதனால என்னைக் கூப்பிடவும் யாரும் வந்ததில்லை. பஸ் ஏத்திவிட ஸ்டாண்டு வரைக்கும் வந்தா, பஸ்ஸு கெளம்பறப்ப ஜன்னல் வழியா அவகிட்டக் கேட்டேன், நானு முத ஆட்டத்துலயே செத்துட்டா வீட்டுக்கு வந்து கூப்பிடுவியான்னு. வெளையாட்டாத்தான் கேட்டேன். அவ மூஞ்சில சிரிப்பே இல்லை. ‘புதுப் புஸ்தகத்துல அந்த ரூலு இல்லையே தண்டபாணி’ன்னா. பஸ்ஸை எடுத்துட்டான்.

முன்னூத்தி முப்பத்தாறு பக்கமும் தேடிட்டேனுங்க. நெசமாவே இல்லை. ஆனா கடைசில மூணு பக்கம் வெறுமனே விட்டிருக்கறான் பாருங்க.

ஏனுங்க, சட்டைப் பையில இருக்கறது பேனாதானுங்களே? சித்தே குடுங்க.